ஆணியில் தொங்கிய தெர்மோஸ்டாட்

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயில், சித்திரை வெயிலில், வண்டலைக் கரையோரம் தள்ளிக்கொண்டிருந்த புல்டோசர் அது. மஞ்சள் நிறம் என்று சொல்லுமளவுக்குப் பெயின்ட் மிச்சமிருந்தது. ஆறு சிலிண்டர், பன்னிரண்டு லிட்டர் டீசல் இன்ஜின். வயது கேட்டதற்கு ஆபரேட்டர் சிரித்தார். "என்னைவிடக் கொஞ்சம் சின்னது சார்" என்றார். அவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

"மதியம் ஒரு மணிக்கு மேல ஓட்ட முடியாது. தண்ணி கொதிச்சிரும். நிப்பாட்டி, ஆறப்போட்டு, ரெண்டு குடம் ஊத்தி, அப்புறந்தான் எடுக்கணும்."

அவருடைய இருக்கைக்குப் பின்னால் ஒரு ஆணியில், பழைய கம்பியில் கோத்து, பித்தளைச் சாமான் ஒன்று தொங்கியது. தெர்மோஸ்டாட். ஏன் அது இன்ஜினில் இல்லாமல் இங்கே தொங்குகிறது என்று கேட்டேன்.

"அது தண்ணிய அடைக்கிற சாமான் சார். சூடு ஏறுற வண்டிக்கு எதுக்கு அடைப்பு? கழட்டியாச்சு."

தமிழ்நாட்டில் பாதிப் பட்டறைகளிலாவது இந்தத் தர்க்கத்தைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது சரியாகத்தான் படும். தவறு எங்கே என்று பார்ப்பதற்கு, இன்ஜினுக்குள் பிறக்கும் வெப்பத்தின் பின்னாலேயே வெளிக்காற்றுவரை நடந்துபோக வேண்டும்.

வெப்பத்தை வெளியே கொட்டுவது வீண் என்று நினைத்தவர் வேறு யாருமல்ல, ருடால்ஃப் டீசல்தான். 1893இல் வெளியிட்ட தன் நூலில் அவர் கற்பனை செய்த இன்ஜினுக்குக் குளிர்விக்கும் தண்ணீரே தேவையில்லை. எரிபொருளின் வெப்பம் முழுக்க வேலையாக மாற வேண்டும். தண்ணீரில் கொட்டுவது காசைக் கொட்டுவதுதானே? ஆக்ஸ்பர்க் ஆலையில் அவர் செய்த முதல் சோதனை இன்ஜினுக்குத் தண்ணீர் உறை வைக்கவில்லை. பட்டபிறகு வைத்தார். 1897இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்து, எரிபொருளில் 26.2 விழுக்காட்டை வேலையாக மாற்றுகிறது என்று உலகுக்கு அறிவித்த இன்ஜின், தண்ணீரால் குளிர்விக்கப்பட்டதுதான்.

ஆனால் ஆசை விடவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவமும் கம்மின்ஸ் நிறுவனமும் சேர்ந்து, பீங்கான் பூச்சுக் கவசமிட்ட பாகங்களுடன், ரேடியேட்டரே இல்லாத டீசல் இன்ஜின் ஒன்றை ராணுவ லாரியில் பொருத்தி ஓட்டிக் காட்டின. ஓடியது. மிச்சப்படும் என்று எதிர்பார்த்த வெப்பமோ பெரும்பாலும் பிஸ்டனைத் தள்ளாமல் புகைக்குழாய் வழியாக வெளியே போனது. சுவர் சூடானதால் உள்ளே வரும் காற்றும் விரிந்து, சிலிண்டரில் அடைபடும் காற்றின் அளவு குறைந்தது. அந்தச் சூட்டில் தாக்குப்பிடிக்கும் எண்ணெய் கிடைப்பது தனித் தலைவலி. ஆக, நூறு வருடம் கழித்தும் ரேடியேட்டர் இருக்கிறது.

அதன் தலையில் விழும் சுமையைக் கணக்குப் போடலாம். நடுத்தர வேலையில் நம் புல்டோசர் மணிக்கு 25 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல். மொத்தம் 250 கிலோவாட். குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் கீசர் 125ஐ ஒரே நேரத்தில் போட்டதுபோல. இதில் மூன்றில் ஒரு பங்கு மண் தள்ளப் போகும். கிட்டத்தட்ட அதே அளவு புகையோடு போகும். ஏறத்தாழ 70 கிலோவாட், அதாவது 35 கீசரின் வெப்பம், தண்ணீரில் இறங்கும். ரேடியேட்டரும் இன்ஜினுமாக 60 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்றால், ஃபேன் நின்றுபோன நிலையில் அது 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு வர நான்கு நிமிடம் போதும். ஃபேன் பெல்ட் அறுந்தால் "கடைசி வரைக்கும் ஓட்டிட்டு நிறுத்துறேன்" என்று சொல்ல நேரமில்லை.

முதல் சோதனைச் சாவடி, சிலிண்டர் சுவர். உள்ளே எரியும் வாயு உச்சத்தில் 2000 டிகிரி செல்சியஸ் வரை போகும். வார்ப்பிரும்பு 1200 டிகிரிக்குள் உருகிவிடும். அலுமினிய பிஸ்டனுக்கு 660 போதும். இருந்தும் அவை உருகாததற்குக் காரணம், உச்சச் சூடு கண நேரமே நீடிப்பதும், சுவரை ஒட்டி நிற்கும் மெல்லிய வாயுப்படலம் சற்றுத் தடுப்பதும், மறுபக்கத்தில் தண்ணீர் இடைவிடாமல் வெப்பத்தை வாங்கிப் போவதும்தான். இந்த மூன்றாவதில்தான் ஊர்த் தண்ணீர் குறுக்கே வருகிறது.

போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படியும் உப்புக்காரை எல்லோர் வீட்டிலும் உண்டு. பெரும்பாலான உப்புகள் சூட்டில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறு. சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறையும். அதனால் எந்த இடம் அதிகச் சூடோ அங்கேதான் அது போய் ஒட்டும். இன்ஜினில் அதிகச் சூடான இடம் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டும், அதன் உள்சுவரான லைனரின் மேல் பாகமும். காரை படியவே கூடாத இடத்தைத் தேடிப் போய்ப் படிகிறது.

ஒரு மில்லிமீட்டர் காரை என்ன செய்துவிடும்? வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்தும் திறனை 50 என்று வைத்தால் காரையின் திறன் ஒன்றரைக்குப் பக்கத்தில். லைனரின் மேல்பகுதியில் சதுர மீட்டருக்கு 200 கிலோவாட் வெப்பம் பாய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிமீட்டர் இரும்பைக் கடக்க அந்த வெப்பத்துக்கு 40 டிகிரி வித்தியாசம் போதும். ஒரே ஒரு மில்லிமீட்டர் காரையைக் கடக்க 130 டிகிரி வேண்டும். அதாவது உள்சுவர் 130 டிகிரி கூடுதலாகக் காய்ந்தால்தான் பழைய அளவு வெப்பம் தண்ணீருக்கு வந்து சேரும். பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் அந்தச் சூட்டில் நிற்காது. எண்ணெய் கருகும், ரிங் இறுகும், லைனரில் கோடு விழும்.

இதில் வஞ்சகமான விஷயம், டேஷ்போர்டு மீட்டர் இதைக் காட்டாது. மீட்டர் அளப்பது தண்ணீரின் சூட்டை. இரும்பின் சூட்டை அல்ல. காரையின் ஒருபக்கம் இரும்பு வறுபட, மறுபக்கம் தண்ணீர் 85 டிகிரியில் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு பொய்யும் அதற்குத் தெரியும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் கொட்டிப்போனால் சென்சார் காற்றில் நிற்கும். முள் கீழே இறங்கும். இன்ஜின் சாகும்போது மீட்டர் "நலம்" என்று சொல்லும். பழைய ஆபரேட்டர்கள் மீட்டரைவிட மூக்கையும் காதையும் நம்புவதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே ரேடியேட்டரில் ஊற்ற வேண்டியது கண்மாய்த் தண்ணீரும் அல்ல, போர் தண்ணீரும் அல்ல. பேட்டரிக்கு வாங்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் உத்தமம். மழைநீரைச் சுத்தமாகப் பிடித்து வைத்திருந்தால் அதுவும் நல்லதே. ஏற்கெனவே படிந்துவிட்ட காரையைப் புளிப்புதான் கரைக்கும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் அதே வேதியியல். பட்டறையில் சிட்ரிக் அமிலக் கரைசலை ஓடவிட்டு, பிறகு சோடா கரைசலாலும் நல்ல தண்ணீராலும் அலசுவார்கள். (ரேடியேட்டரில் புளியையே கரைத்து ஊற்றலாமா என்று ஒரு வாசகர் முன்பு கேட்டிருந்தார். சக்கை அடைத்துக்கொள்ளும் ஐயா, வேண்டாம்.)

இரண்டாவது சோதனைச் சாவடி, காற்று. லாரி ஓடும்போது எதிர்க்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். புல்டோசரோ மாட்டு வண்டி வேகத்தில் முழு மூச்சையும் போட்டு உழைக்கிற பிராணி. காற்று முழுவதையும் ஃபேன்தான் கொண்டுவர வேண்டும். 70 கிலோவாட் வெப்பத்தை வாங்கிக்கொண்டு காற்று 25 டிகிரி மட்டும் சூடாக வேண்டுமென்றால், நொடிக்குச் சுமார் 2.4 கன மீட்டர் காற்று போக வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில் அடைந்திருக்கும் காற்று மொத்தமும் பன்னிரண்டு நொடியில் ரேடியேட்டரைக் கடந்தாக வேண்டும். நாள் முழுக்க, தூசிக்கு நடுவே.

பல புல்டோசர்களில் ஃபேன் காற்றை உள்ளே இழுப்பதில்லை. இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கித் தள்ளுகிறது. பிளேடு கிளப்பும் மண்ணை நேரே உறிஞ்சாமல் இருக்கவும், வெந்த காற்று ஆபரேட்டர் முகத்தில் அடிக்காமல் இருக்கவும் செய்த ஏற்பாடு. இதற்கு ஒரு விலை உண்டு. அழுக்கு சேர்வது ரேடியேட்டரின் உள்பக்கத்தில், ஃபேனுக்கும் அதற்கும் நடுவே, கண்ணுக்குப் படாத இடத்தில். பழைய இன்ஜின் எங்காவது எண்ணெய் கசியாமல் இராது. அந்த எண்ணெய் ஆவியும் தூசியும் வைக்கோல் துகளும் சேர்ந்து, தகடுகளுக்கு நடுவே கம்பளிபோலத் தடித்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். காற்று வரும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து கழுவினால்தான் அந்தக் கம்பளி வெளியே வரும். வந்த வழியே பீய்ச்சினால் இன்னும் ஆழமாக இறுகும். அதிக அழுத்தத்தில் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றை நிரந்தரமாக அடைத்துவிடும்.

ஃபேனைப் பற்றி ஒரு வேடிக்கை. கழற்றிய ஃபேனைத் தெரியாமல் முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் காற்றின் திசை மாறிவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். மாறாது. திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் மரையின் திசை மாறாதல்லவா, அதே கதை. ஆனால் இறக்கையின் குழிந்த பக்கம் தவறான திசையைப் பார்ப்பதால் தள்ளும் காற்று வெகுவாகக் குறைந்துவிடும். காற்று வருகிறது, திசையும் சரி, வண்டி மட்டும் கொதிக்கிறது. மெக்கானிக் தலையைச் சொறிவார். பெல்ட் வழுக்கினாலும் இப்படித்தான். வி-பெல்ட்டின் அடிப்பாகம் புல்லியின் குழியைத் தொட்டு அந்தக் குழி பளபளத்தால், பெல்ட் தேய்ந்து வழுக்குகிறது என்று பொருள்.

இனி ஆணியில் தொங்கிய பித்தளைச் சாமானுக்கு வருவோம். அதன் வயிற்றில் இருப்பது மெழுகு. சுமார் 80 டிகிரியில் மெழுகு உருகும், உருகும்போது விரியும், விரிந்து ஒரு கம்பியைத் தள்ளி வால்வைத் திறக்கும். மின்சாரம் கிடையாது, கட்டுப்பாட்டுப் பெட்டி கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இது மூடியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல், பைபாஸ் குழாய் வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றி வரும். சூடானதும் ரேடியேட்டர் வழி திறக்கும். பல இன்ஜின்களில் அதே அசைவு பைபாஸ் வழியையும் மூடும்.

இந்தக் கடைசி வரியில்தான் பட்டறைத் தர்க்கம் தடுக்கி விழுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் பைபாஸை மூட ஆளில்லை. தண்ணீருக்கு இரண்டு வழி. ரேடியேட்டரின் நூற்றுக்கணக்கான குறுகல் குழாய்கள் ஒருபக்கம், அகலமான குட்டைக் குழாய் மறுபக்கம். தண்ணீர் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டுமா? வெந்த தண்ணீரில் பெரும்பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே இன்ஜினுக்குத் திரும்பும். சூடு குறைய வேண்டும் என்று கழற்றிய சாமான், வெயில் நேரத்தில் சூட்டை ஏற்றிவிடுகிறது.

காலையில் அதே வண்டிக்கு எதிர்மாறான நோய். இன்ஜின் வெகு நேரம் சூடேறாமலே ஓடும். சூடேறாவிட்டால் நல்லதுதானே? இல்லை. டீசலில் கந்தகம் உண்டு. எரியும்போது அது கந்தக ஆக்சைடுகளாகும்; எரிதலில் பிறக்கும் நீராவியோடு சேர்ந்தால் கந்தக அமிலம். லைனர் சூடாக இருந்தால் ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்த லைனரிலோ, விடிகாலைப் புல்லில் பனி இறங்குவதுபோல, அமிலம் துளித்து நின்று இரும்பைத் தின்னும். 1990களில் இந்திய டீசலில் ஒரு விழுக்காடு வரை, அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு, கந்தகம் இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபின் உச்சவரம்பு 10 பங்கு. ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. அந்த அளவுக்கு அமிலத் தொல்லையும் தணிந்தது. ஆனால் குளிர்ந்த இன்ஜினின் மற்றத் தீமைகள் அப்படியே இருக்கின்றன. அரைகுறையாக எரிந்த டீசல் லைனரில் வழிந்து எண்ணெயில் கலக்கும், எண்ணெய் நீர்த்துப்போகும், அடியில் களிமண்போலக் கசடு தேங்கும்.

தெர்மோஸ்டாட்டின் வேலை தண்ணீரை அடைப்பது என்று ஆபரேட்டர் சொன்னது பொய்யில்லை. அடைக்க வேண்டிய நேரத்தில் அடைக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

ரேடியேட்டர் மூடியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வெறும் மூடி என்று நினைப்பவர்களே அதிகம். அதன் உள்ளே சுருள்வில் அழுத்தும் வால்வு இருக்கிறது. அரை பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் மூடி போட்டால் தண்ணீர் 100க்குப் பதில் சுமார் 111 டிகிரியில் கொதிக்கும். மலையில் இது உயிர்காக்கும். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். எல்லைச் சாலை அமைப்பு பனி வாரும் ஸோஜி லா கணவாய் 3,528 மீட்டர். அங்கே சுமார் 88. அழுத்த மூடி இல்லாத பழைய இன்ஜின் 90 டிகிரியில், தன்னளவில் எந்தக் குறையும் இல்லாமலே, அங்கே பொங்கி வழியும். போதாக்குறைக்குக் காற்றும் மெலிந்திருப்பதால் ஃபேன் தள்ளுவது சமவெளிக் காற்றில் சுமார் எழுபது விழுக்காடு கனமே உள்ள சரக்கு.

அந்த வால்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது எனக்கு மிகப் பிடித்த கதை, கப்பலில் தொடங்குகிறது. 1890களில் பிரிட்டிஷ் கடற்படையின் 'டேரிங்' என்ற வேகக் கப்பல், இன்ஜினை எவ்வளவு முடுக்கினாலும் எதிர்பார்த்த வேகத்தைத் தரவில்லை. உந்துவிசிறியின் பின்பக்கம் அழுத்தம் தாழ்ந்து, கடல்நீர் குளிர்ந்த நிலையிலேயே ஆவிக் குமிழிகளாகப் பிளந்துகொண்டிருந்தது. இத்தகைய குமிழிகள் உடையும் இடங்களில் வெண்கல விசிறிகளில் குழிவிழுவதைப் பின்னாளில் கண்டார்கள். வெறும் குமிழி உலோகத்தைக் குடையுமா? 1917இல் இயற்பியலாளர் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார்: சுற்றியுள்ள நீர் நாலாபுறமிருந்தும் ஒரு புள்ளியை நோக்கிப் பாய்ந்து மோதுவதால், குமிழி சுருங்கி முடியும் கணத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் எகிறலாம்.

பல கனரக டீசல் இன்ஜின்களில் லைனரைச் சுற்றி நேரே தண்ணீர் நிற்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டன் ஒருபக்கச் சுவரில் மோத, லைனர் கோயில் மணிபோல அதிர்கிறது. அதிரும் சுவர் தண்ணீரைவிட்டு ஒரு கணம் விலகும்போது அங்கே குமிழி பிறக்கிறது. சுவர் திரும்பி வரும்போது உடைகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில், அதே இடத்தில். சில ஆயிரம் மணி நேரம் கழித்து லைனரை உருவிப் பார்த்தால், பிஸ்டன் மோதும் பக்கத்தில் மட்டும் செல்லரித்ததுபோல வரிசையாகக் குழிகள். ஒன்று துளைத்துவிட்டால் தண்ணீர் சிலிண்டருக்குள். இதைத் தடுப்பவை இரண்டு. மூடி தரும் அழுத்தம், குமிழி எளிதில் பிறக்கவிடாது. கனரக டீசலுக்கான கூலன்டில் உள்ள நைட்ரைட் போன்ற சேர்மானங்கள் இரும்பின்மேல் கெட்டியான படலம் போட்டு அடியைத் தாங்கும். வில் செத்த மூடியோடும் வெறும் தண்ணீரோடும் ஓடும் வண்டியில் இரண்டுமே கிடையாது. கொதிக்காவிட்டாலும் உள்ளே அரிப்பு நடந்துகொண்டிருக்கும்.

எண்ணெயும் ஒரு குளிர்விப்பான்தான். பிஸ்டனின் சூட்டை வாங்க அங்கே தண்ணீர் போக முடியாது. 1931இல் கேட்டர்பில்லர் தன் முதல் டீசல் டிராக்டரை விற்கத் தொடங்கிய சில ஆண்டுகளில், அன்றைய எண்ணெய்கள் அந்தச் சூட்டில் அரக்காகிப் பிஸ்டன் ரிங்குகளை ஒட்டவைத்தன. அழுக்கைக் கழுவித் தன்னுள் மிதக்கவிடும் சேர்மானத்தோடு டீசலுக்கென்றே எண்ணெய் வந்தது 1935 வாக்கில். அதனால்தான் டீசல் இன்ஜினில் மாற்றிய எண்ணெய் சீக்கிரமே கறுக்கிறது. கறுத்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கொதித்துவிட்டால்? பிளேடை இறக்கி, சுமையை விட்டு, இன்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள். தண்ணீர் இருக்கும்வரை பம்பும் ஃபேனும் சுற்றுவது நல்லது. தண்ணீர் கொட்டிப்போயிருந்தால் உடனே அணைக்க வேண்டும். மூடியை அப்போதே திறந்தால் அழுத்தம் போய், 110 டிகிரித் தண்ணீர் மொத்தமாகக் கொதித்து முகத்தில் அறையும். காய்ந்த ஹெட்டில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால், சூடான கண்ணாடி டம்ளருக்கு நேர்வதுதான்.

அன்று மாலை வண்டி நின்றபின் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு கரையோர டீக்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா தந்த ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியில் முட்டாதபடி கம்பியில் தொங்கவிட்டோம். என் பையில் இருந்த தெர்மாமீட்டர் 70 காட்டியது, அசைவில்லை. 79இல் மயிரிழை இடைவெளி தெரிந்தது. 90க்கு முன்பே விரற்கடை திறந்து நின்றது. எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டதும் மெல்ல மூடிக்கொண்டது. சுற்றி நின்ற நான்கைந்து பேரும் உயிருள்ள எதையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை, பிளேடைத் தரையில் ஊன்றி, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் துண்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தோம். மேல் பாதியில் படபடத்தது. கீழ்ப் பாதிக்கு இறக்கியதும் துவண்டு தொங்கியது. இன்ஜினை அணைத்து, உள்பக்கத் தடுப்பைக் கழற்றி முன்னாலிருந்து கழுவ, எண்ணெயில் ஊறிய தூசிக் கம்பளி பாய்போலச் சுருண்டு விழுந்தது.

ஆபரேட்டர் அதைக் காலால் புரட்டினார். பிறகு கையிலிருந்த பித்தளைச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திருடன் இங்கன இருந்திருக்கான். நான் இதத் தூக்குல போட்டு வச்சிருக்கேன் சார்."